வாரம் ஒரு நாள் ஆஃப்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்ற மணவாளன், மனைவி ஈஸ்வரிக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து வீட்டிலும் ஷிப்ட் பார்த்தார். மூன்று ஷிப்டும் அவரேதான். மாத்திரை, கஞ்சி, கைகால் பயிற்சி எல்லாம் மணி பிசகாமல் நடந்தன. ஆறே மாதத்தில் அவர் முகம் நோயாளி முகமாகிவிட்டது. ஒருநாள் ஈஸ்வரிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"கம்பெனில வாரம் ஒரு நாள் ஆஃப் குடுத்தாங்கல்ல? இந்த ஞாயித்துக்கெழம எங்கனா போய்ட்டு வாய்யா. என் தங்கச்சி சந்திரகலா வந்து பாத்துக்குவா," என்றாள் ஈஸ்வரி.

மணவாளன் அரை மனதோடு பொன்னேரிக்கு ரயிலேறினார். அங்கே முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். தலையில் கை பட்டதும் கண் செருகி, பாதி வெட்டுவதற்குள் குறட்டை விட்டார். கடைக்காரருக்கு எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் மற்றவர்களைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தே வெட்டி அனுப்பினார்.

விழித்த மணவாளன் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடினார். உள்ளே அக்காவும் தங்கையும் டிவியை அலறவிட்டு, மசால்வடை தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஈஸ்வரியின் முகம் சுருங்கியது.

"இன்னாய்யா, அதுக்குள்ள வந்துட்ட?"

"நீ கஷ்டப்படுவியேன்னு ஓடியாந்தேன்."

"நான் நல்லாத்தான் கீறேன். நீ மணி பாத்துக்கினு கஞ்சியத் தூக்கினு வந்தாலே எனக்குப் படபடங்குது. உனக்கு மட்டுமா ஆஃப் வேணும்?"

மணவாளன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆறு மணிக்கு வரேன்."

"ஏழுக்கு வா," என்றாள் ஈஸ்வரி.