சுத்தியல் வேண்டாத வேலை

காகித ஆலையில் பாய்லருக்குக் காற்று ஊதும் புளோயருக்குப் பேரிங் மாட்ட அவளை விட்டால் ஆளில்லை என்றிருந்த காலம் உண்டு. ஒரு பக்கம் சிறுத்துப் போகும் தண்டில் பேரிங்கை ஏற்றி, சுத்தியலால் அடித்து அடித்தே இறுக்குவாள். அப்படி அடித்ததில்தான் வலது தோள் போனது. இனி சுத்தியலைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். உடனே அவளை ஸ்டோருக்கு மாற்றிவிட்டான் ஃபோர்மேன். அந்த ஃபோர்மேன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன். அதனாலேயே கோபம் இரட்டிப்பு. அன்றிலிருந்து அவனுக்குக் கிடைத்ததெல்லாம் "ம்", "ம்ஹூம்" மட்டும்தான்.

ஒருநாள் ஸ்டோருக்கு மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கனத்த ஹைட்ராலிக் நட், கைப்பம்பு, எண்ணெய்க் குழாய். கூட இருந்த படங்களைச் சாப்பாட்டையும் மறந்து பார்த்தாள். நட்டைத் தண்டின் மரையில் மாட்டி, பம்பால் எண்ணெய் ஏற்றினால், நட்டுக்குள் இருக்கும் வளையம் வெளியே வந்து பேரிங்கைச் சரிவில் மேலே தள்ளும். அடியும் இல்லை, உதையும் இல்லை.

பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே புளோயரடிக்குப் போனாள். அங்கே அண்ணன் தண்டில் புதுப் பேரிங்கைச் செருகிக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு வந்தே? தோள் என்னாகறது?" என்றான் அண்ணன்.

"பம்ப் அடிக்க இடது கை போதும். நீ டயலைப் பாரு."

வெகுநாள் கழித்து அவள் அவனிடம் பேசிய முழுப் பேச்சு அது. அண்ணன் நட்டைத் தண்டில் மாட்டிவிட்டு, பேரிங் நகர்வதைக் காட்டும் டயலின் முன் உட்கார்ந்தான்.

அவள் பம்பை அழுத்தினாள். பம்பில் அழுத்தம் காட்டும் மீட்டர் விறுவிறுவென்று ஏறியது. டயல் முள்ளோ அசைவேனா என்றது.

"இன்னும் நாலு அழுத்து, ஏறிடும்," என்றான். ஆலையில் அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர்.

"மாட்டேன். உள்ள ஏதோ முட்டுது."

"தண்டை நான்தானே துடைச்சேன்."

"துடைச்சே, சரி. தடவிப் பாத்தியா?"

எண்ணெயை இறக்கிவிட்டுப் பேரிங்கைக் கழற்றினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு தண்டின் மேல் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் சுருக்கென்றது. பழைய பேரிங்கைக் கழற்றியபோது எழும்பிய பிசிறு. அண்ணனின் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். அவன் முகம் தொங்கிப்போனது.

"அடக்கடவுளே! அழுத்தியிருந்தா தண்டே போயிருக்குமே," என்றான்.

"தண்டு மட்டுமா? கூடவே உன் வேலையும்தான்," என்றாள். அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தான்.

சாணைக்கல்லால் பிசிறைத் தேய்த்து, தண்டுக்கு எண்ணெய் தடவி, மறுபடி மாட்டினார்கள். இந்த முறை அழுத்த அழுத்த முள் நகர்ந்தது.

"ஏறுது... ஏறுது... போதும், நிறுத்து!"

ஹைட்ராலிக் நட்டைக் கழற்றி, பூட்டு நட்டைப் போட்டு முடுக்கிவிட்டு புளோயரை ஓடவிட்டார்கள். பேரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கரகரப்பு இல்லை, சீரான ரீங்காரம். தோளில் வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த புளோயரும் இருக்கு. நாளைக்கு நேரா இங்க வந்துடு," என்றான் அண்ணன்.

"அப்ப ஸ்டோரை யாரு பாக்கறது?"

"அது என் தலைவலி. நீ வா."

ஸ்டோர் சாவிக்கொத்தை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பம்பைத் துடைக்க உட்கார்ந்தாள் அவள்.