பின்னால் நின்ற கம்பம்

...வகுத்தால் போதும், உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் போதும், இதற்கெதற்கு ஓவியக் கை, மாட்டை வரையச் சொன்னால் மேசையை வரைகிறவள் என்று அக்கா இன்றைக்கும் கிண்டலடிக்கிறாள், அடிக்கட்டும், அந்த மேசைக்காரிதான் பொறியியல் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுத்தருகிறாள், இதோ ஒவ்வொரு தாளிலும் தெருவிளக்குக் கம்பங்கள் தள்ளிப்போகப் போகக் குட்டையாகின்றன, இம்மி பிசகாமல்... கடைசி பெஞ்சில் துறைத்தலைவர். இந்த வகுப்பு நீடிக்குமா, மொத்த நேரத்தையும் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொடுத்துவிடலாமா என்று இன்று பார்த்து முடிவு செய்வாராம். பார்க்கட்டுமே. வந்த புதிதில் இவர்கள் பெட்டி வரைந்தால் பழைய செருப்பு மாதிரி இருக்கும், கண்ணைப் பூஜ்யத்தில் வை, அங்கிருந்து தூரத்தை அள, உயரத்தை அதால் வகு என்றாள், பெட்டி பெட்டியானது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஜன்னலோரப் பெண்ணின் தாளில் அது என்ன... கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, சரி, ஒன்று மட்டும் வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்குகிறதே, போச்சு, இன்றைக்குப் பார்த்தா... மேசைக்காரி கையால் மறைப்பதற்குள் துறைத்தலைவர் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"என்னம்மா, கம்பம் தொங்குது?"

"அது நமக்குப் பின்னாடி இருக்கிற கம்பம் சார். தூரம் மைனஸ்ல வருது. வகுத்தா உயரமும் மைனஸ்."

"பின்னாடி இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதுதான் சார். ஆனா கணக்கு வந்துச்சே."

வகுப்பே சிரித்தது. கற்றுக்கொடுத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அடி என் தங்கமே, கண் கைவிட்ட இடத்திலும் கணக்கை விடவில்லையே நீ, ஓவியம் தெரிந்த யாருக்கும் இந்தத் தப்பு வராது, இது அவள் சொல்லிக்கொடுத்து வந்த தப்பு, அவளுடைய சொந்தத் தப்பு...

"இந்தத் தப்பை சாஃப்ட்வேர் பண்ணாது, மேடம்" என்றது பின்னாலிருந்து குரல். குற்றமா, பாராட்டா? திரும்பி முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பாமல் தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள், அந்தக் கம்பம் மட்டும் நிமிர்ந்து நின்றது, அளவும் சரிதான். கண்ணைப் பூஜ்யத்தில் வை என்று இத்தனை வருடம் சொன்னாளே, பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதை என்ன செய்வதென்று ஒருநாளாவது சொன்னாளா... அவளுக்கே அது தெரியுமா?