ஈயக் கண்ணாடி

மும்பை செம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில் இசக்கிசெல்வி பல வருடமாக நர்ஸ். இதய ரத்தக்குழாய்க்குள் வயரைச் செலுத்தும்போது எக்ஸ்ரே ஓடிக்கொண்டே இருக்கும். உடம்புக்கு ஈய அங்கி உண்டு. முகத்துக்கும் கண்ணுக்கும் மேசை மேலே தொங்கும் ஈயக் கண்ணாடிதான் காவல். டாக்டர் அஷ்வத் வந்ததும் அதைச் சுவரோரம் தள்ளிவிடுவார். கைக்கு இடைஞ்சலாம்.

முதலில் புரை விழுந்தது அவர் கண்ணில்தான். லென்ஸ் வைத்துக்கொண்டு திரும்பியவர், ஈயம் சேர்த்த மூக்குக்கண்ணாடி ஒன்று தனக்கு மட்டும் வரவழைத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் இசக்கிசெல்விக்கு ஸ்டேஷன் போர்டு எழுத்தெல்லாம் மங்கியது. சயானில் பார்த்த கண் டாக்டர் சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னதும், எக்ஸ்ரே பட்டுப்பட்டு விழுந்த புரை இது என்றார்.

மறுநாள் அஷ்வத்திடம் சொன்னாள். "சார், எனக்கும் புரை விழுந்துட்டு. அந்தக் கண்ணாடிய இழுத்து வச்சா ரெண்டு பேருக்கும் நல்லதுல்லா?"

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், சிஸ்டர்."

அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அன்று நோயாளியைப் படுக்க வைத்ததும் அவளே கண்ணாடியை நடுவில் இழுத்து நிறுத்தினாள். அவர் முழங்கையால் தள்ளினார். மறுபடி இழுத்தாள்.

"இங்க டாக்டர் யாரு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மேசையில் கிடந்தவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மிரண்டுபோய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்காக இசக்கிசெல்வி கண்ணாடியை விட்டுவிட்டாள். ஸ்டென்ட் வைத்து முடியும்வரை கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலமே அவளை வார்டு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவள் கண்ணின் நன்மைக்காகத்தானாம். அவள் இடத்துக்கு ஷர்மிளா வந்தாள். அக்கா மகள், அந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டதே இசக்கிசெல்விதான்.

தாராவியில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "கண்ணாடிய வைக்காம அங்க நிக்காதட்டி. கண்ணு போயிரும்."

"கேட்டதுக்குத்தான ஒங்களத் தூக்குனாவ?" என்றாள் ஷர்மிளா. "என்னைய பர்மனென்ட் பண்ணுதோம்னு சொல்லியிருக்காவ, சித்தி. குறுக்க வராதீங்க."

"நாளைக்கு ஒனக்கும் இதே கதிதான்."

"வந்தா லென்ஸ் வச்சுக்கிடுதேன். நீங்களும் வைக்கத்தான போறீங்க."

அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இசக்கிசெல்வி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

கண் ஆபரேஷன் முடிந்து வேலையில் சேர்ந்த வாரம், வார்டு நோயாளி ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கேத் லேபுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்தவள் ஷர்மிளா. அஷ்வத் உள்ளேயிருந்து என்னவோ சொல்ல, சிரித்துக்கொண்டே வந்தாள். இசக்கிசெல்வியைக் கண்டதும் முகம் இறுகியது.

"ஃபைல வச்சுட்டுப் போங்க, சிஸ்டர்," என்றாள்.

இசக்கிசெல்வி வைத்துவிட்டுப் போனாள்.