சித்தப்பாவின் முட்டிக்கு எத்தனை மார்க்

"பத்துக்குப் பத்துன்னு போட்டுக்கோ வாலு. அதுக்கு மேல போட இடமிருந்தா அதையும் போட்டுக்கோ."

"சித்தப்பா, இது என்ன ஏலமா? ஒழுங்கா யோசிச்சுச் சொல்லுங்க. மாடிப்படி ஏறும்போது வலிக்குதா?"

"ஏறுறதா? பறக்குறேன்!"

அண்ணன் மகள் படித்துப் பட்டம் வாங்கி, எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் ஆராய்ச்சி உதவியாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்ட பிறகும் சித்தப்பாவுக்கு அவள் வாலுதான். முட்டியில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவர்களை ஒரு வருடம் கழித்து போனில் பிடித்து, வலி எப்படி, வீக்கம் எப்படி, நடை எப்படி, பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. புது வகை மூட்டு அது. அதனால் என்னென்ன சிக்கல் வருகிறது என்று, சித்தப்பாவுக்கும் அதை வைத்த அவளுடைய சர்ஜன் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். சிக்கலே இல்லை போலிருந்தது. கூப்பிட்டவர்களெல்லாம் ஒன்பதையும் பத்தையும் வாரி வழங்கினார்கள். அந்த வாரமே கட்டுரையை அனுப்பிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இந்த மூட்டை வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

அவள் பத்து என்று எழுதப்போகும்போது, போனில் சித்தப்பா வீட்டு அழைப்பு மணி அடித்தது. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"யாரோ வந்திருக்காங்க சித்தப்பா. போய்த் திறங்க."

"வந்தவன் நிப்பான். நீ அடுத்த கேள்வியைக் கேளு."

பஸ் டிரைவராக இருந்த மனுஷன். வாசலில் நிழல் தெரிந்தாலே ஓடிப்போய்க் கதவைத் திறப்பார். அவளுக்கு ஏதோ உறுத்தியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனாள்.

கதவைத் திறந்தது சித்தி. மாடியில் இருக்க வேண்டிய கட்டில் ஹாலில் கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மாத்திரை, ரிமோட் என்று ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது.

"பறக்குறவர் ஏன் கீழ இறங்கிட்டார்?" என்று கேட்டாள்.

"நல்லாக் கேளு," என்றாள் சித்தி. "ராத்திரியெல்லாம் முனகல். காலையில உன் போன் வந்தா மட்டும் வீரன்."

அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"ஏன் சித்தப்பா பொய் சொன்னீங்க?"

சித்தப்பா சுவரைப் பார்த்தார். "ஆபரேஷனுக்கு முன்னாடி நான் நடுங்கிக்கிட்டுக் கிடந்தேன்டா. அந்த டாக்டர் தம்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார். இப்ப நீ போன் பண்ணி மார்க் கேக்குற. அவருக்குப் போய் எப்படிடா குறைச்சுப் போடுவேன்? அவர்கிட்ட சொல்லிடாதே. மனசு உடைஞ்சு போயிடுவார்."

வாலு வீட்டுக்குத் திரும்பினாள். ராத்திரி முழுக்கப் புரண்டாள். சொன்னால் சித்தப்பா முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் அந்தச் சூடு என்ன ஆகும்? விடிந்ததும் முதல் வேலையாக சர்ஜன் அறைக்குப் போய்ப் போட்டு உடைத்துவிட்டாள்.

"எக்ஸ்ரே அவ்வளவு அழகா இருந்துதே," என்றார் சர்ஜன். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "வரச் சொல்லு. வேண்டாம், இங்க வந்தா நல்லா நடந்து காட்டுவார். நானே வரேன்."

அவர் சொன்னபடியே நடந்தது. சர்ஜனைப் பார்த்ததும் சித்தப்பா கட்டிலைப் பிடித்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார். நெற்றி வேர்த்துவிட்டது. "பாத்தீங்களா டாக்டர், குதிரை மாதிரி!"

சர்ஜன் தரையில் உட்கார்ந்து முட்டியில் கை வைத்தார். "உக்காருங்கண்ணே. அந்தப் பத்து மார்க் யாருக்குப் போட்டீங்க?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் கேட்டது முட்டிக்குண்ணே. நீங்க பத்துன்னா, இதே மூட்டை நாளைக்கு இன்னொருத்தருக்கு நம்பி வைப்பேனே."

சித்தப்பா அண்ணன் மகளை ஒரு முறை முறைத்தார். அப்புறம் வலியை மறைக்கத் தெம்பில்லாமல் கட்டிலில் சாய்ந்தார். "சரி. முட்டிக்கு மூணு. உங்களுக்குப் பத்து. அதைக் குறைக்கச் சொல்லாதீங்க."

சர்ஜன் சிரித்தார். சிரித்து முடிக்காமலே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தபோது உள்ளே கிருமி சேர்ந்திருப்பது தெரிந்தது. மறுபடியும் திறந்து கழுவ வேண்டும், மருந்தும் நீளும். ஆனால் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூட்டையே கழற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் சர்ஜன். மறுபடியும் ஆபரேஷன் அறைக்குள் போகும்போது சித்தப்பா வாலுவிடம், "கோள்மூட்டி," என்றார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை.

கட்டுரை போகவில்லை. "எல்லாரையும் திரும்பக் கூப்பிடு," என்றார் சர்ஜன். "என் பேரையே எடுக்காதே. நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நல்லா இருக்கீங்களான்னு மட்டும் ஆரம்பிக்காதே. அப்படிக் கேட்டா யார்தான் இல்லேன்னு சொல்லுவாங்க?"

இப்போது வாலு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பத்துகளில் எது முட்டி போட்டது, எது பாசம் போட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியா எப்ப மாடி ஏறினீங்க என்று கேட்கலாமா? வாசல் மணி அடிச்சா யார் போய்த் திறக்குறாங்க என்று கேட்கலாமா? தன் டாக்டர் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவரிடமிருந்து அவருடைய வலியை வெளியே எடுக்க வேண்டும், அதுவும் போனில். நீங்களாக இருந்தால் முதல் கேள்வியாக எதைக் கேட்பீர்கள், சொல்லுங்களேன்?