அக்காவின் மாத்திரை

எங்கள் வீட்டில் ஒட்டடைக்கம்பு வாங்கியதே இல்லை. அக்காவும் நானும் இருக்கும்போது அது எதற்கு என்று அம்மா கேலி செய்வாள். உயரமும் நீள விரல்களும் அம்மா வழி வந்தவை. கூடவே ஒரு வியாதியும் வந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். அது கிழிந்துதான் ஒரு நாள் அம்மா செத்துப்போனாள். அதிலிருந்து நெஞ்சில் எறும்பு ஊர்ந்தால்கூட எனக்குப் பயம்.

விரிவதைத் தடுக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் இருவரும் சேர்ந்தோம். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

சேர்ந்த புதிதில் அக்காவுக்கு எழுந்தால் தலை சுற்றியது. மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, அப்படியானால் நிஜ மருந்து அவளுக்குத்தான் என்று நாங்களே முடிவு கட்டினோம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். பிறகு அவள் தலைசுற்றல் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நேற்று காலை, திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"அக்கா, எனக்கும் தலை சுத்துது."

"அப்பாடா," என்றாள்.

தலை சுற்றுகிறது என்றால் யாராவது அப்பாடா என்பார்களா?

"உன் மாத்திரையையும் என் மாத்திரையையும் மாத்தி வெச்சியா?"

தையல் மெஷின் நின்றது. "உனக்குத்தான்டி ரொம்ப விரிஞ்சிருக்கு. எனக்கு இன்னும் தாங்கும்."

ஓங்கி ஓர் அறை விடலாம் போல் வந்தது. கத்தவும் முடியாது, படபடப்பு எங்கள் இருவருக்கும் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"சொல்லாத. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் உனக்கு மருந்து எங்க கிடைக்கும்?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

போனைப் பிடுங்க வேகமாக எழுந்தவள், பாதியிலேயே மெஷினைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

"இன்னமும் சுத்துதா?"

ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"இப்ப நீ சாப்பிடறது என் மாத்திரை. அது மாவுன்னுதானே நெனச்சோம். அப்புறம் எப்படிச் சுத்தும்? அப்போ இது மருந்தால வந்தது இல்லையா?"

"மாத்தின பிறகும் நிக்கவே இல்ல," என்றாள் கண்ணைத் திறக்காமல். "பயமா இருக்குடி."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

போனில் நர்ஸ் வந்தார். "சொல்லுங்க, யாருக்கு என்ன பண்ணுது?"

"அக்காவுக்கு," என்றேன். எனக்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.