மூன்று தரம் போய் வந்த ட்ரொலி

மில்லவளை ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பெரியதம்பியும், தண்டவாளப் பராமரிப்பு ஓவர்சியர் கிளறன்ஸும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் கடையின் சமையற்கட்டான குசினியிலிருந்து வந்த கழிவுத் தண்ணீர். அது ரயில் பாதையின் கரைக்கட்டு அடியில் போய்த் தேங்கியது. கிளறன்ஸ் மூன்று தரம் வாயால் சொல்லிப் பார்த்தார். பெரியதம்பி கேட்கவில்லை. கடைசியில் கிளறன்ஸ் ரயில்வே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆட்கள் வந்து குசினிக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். அன்றைக்குப் பெரியதம்பி நடுத்தெருவில் நின்று கத்தாத கத்தலில்லை. கிளறன்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து தேநீரை வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுவந்தார்.

இரண்டு வருடம் கழித்துப் பெரியதம்பிக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் குழறிப்போனது. மகன் சுதேஷ் கண்டியில் மாநகரசபையில் வேலை. ஆகவே மனைவி பாலாம்பிகைதான் கடையைத் தனியாக நடத்தினாள். சமைத்து, பரிமாறி, இடையிடையே பின்னறைக்குப் போய்க் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்து, அவளுக்கு நாள் ஓடியது. கிளறன்ஸ் கடையைத் தாண்டிப் போகும்போது பார்வையைத் தண்டவாளத்தில் வைத்துக்கொள்வார். அவளும் கூப்பிட்டதில்லை.

கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையே, மலைக்கும் மகாவலி ஆற்றுக்கும் நடுவில் கிடந்த சின்ன இடம் அது. ஒரு ஸ்டேஷன், ஒரு தபால் கந்தோர், ஒன்பது கடைகள், நாற்பது வீடுகள். அவ்வளவுதான் மில்லவளை.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. வியாழக்கிழமையே ரயில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு தெருவுக்கு வந்தது. அதைவிடப் பயமானது பின்னால் இருந்த மலைதான். ஊற்றுத் தண்ணீர் செம்மண் கரைசலாக வந்தது. பாடசாலைக்குப் பின்னால் நிலம் ஒரு சாண் அகலத்துக்கு வெடித்திருந்தது. நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் தண்டவாளம் வழியே தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். முக்கால் மைல் போனால், மலையைக் குடைந்து பாதை போட்ட இடத்துக்கு அப்பால், பாறைமேல் அந்தோனியார் கோயில் இருந்தது. அங்கே மண்ணும் இல்லை, ஆறும் எட்டாது.

பாலாம்பிகை கணவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தண்ணீர் அவளுடைய கணுக்காலுக்கு வந்துவிட்டது.

"நீ... போ," என்றார் பெரியதம்பி.

"வாய மூடுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூக்கினாள்.

அப்போதுதான் முன்கதவு அடிபட்டுத் திறந்தது. கிளறன்ஸ் நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அக்கா, அண்ணனைத் தூக்கணும். நேரமில்ல."

பெரியதம்பி ஆளை அடையாளம் கண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கிளறன்ஸ் கட்டில் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"அண்ணே, என்னைத் திட்டணும்னா அங்க போய்த் திட்டுங்க. இப்ப கழுத்தைப் பிடிச்சுக்குங்க."

பிறகு பெரியதம்பியின் இடது கை மெதுவாக வந்து அந்தக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தது.

ஸ்டேஷன் மேடைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தின்மேல் ட்ரொலி நின்றது. கடப்பாறையும் சுத்தியலும் ஏற்றிக்கொண்டு வேலையாட்கள் தள்ளிப்போகும், நாலு சில்லும் ஒரு பலகையும் கொண்ட வண்டி. அதை வைத்திருந்த கொட்டகையின் பூட்டைக் கிளறன்ஸ் கல்லால் உடைத்திருந்தார். சாவி கம்பளையில் இருந்தது. அனுமதி கொடுக்க ஸ்டேஷனிலும் ஆளில்லை. பெரியதம்பியைப் பலகையில் கிடத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, கிளறன்ஸும் பாலாம்பிகையும் தள்ளினார்கள். பாதை ஏற்றமாக இருந்தது. சிலிப்பர் கட்டைகளில் அவளுக்கு இரண்டு தரம் கால் வழுக்கியது. கீழே இடது பக்கம் ஆறு மரங்களைச் சுருட்டிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. கணவரின் வயிற்றில் கட்டியிருந்த கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டு தள்ளினாள்.

கோயில் வாசலில் அவரை இறக்கியதும் கிளறன்ஸ் திரும்பிப் போனார். இரண்டாவது தரம் தையல்காரி உம்மு குல்சும் வந்தாள். படியில் விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. மூன்றாவது தரம் தபால் கந்தோர்க்காரரின் மருமகள் துஷானி. வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்றுப் பத்து நாள். பிள்ளையை ஒரு பிளாஸ்டிக் கூடையில் துணி சுற்றி வைத்து மடியில் பிடித்திருந்தாள்.

"போதும், இனிப் போகாதீங்க," என்று கிளறன்ஸின் மனைவி ஐரின் அவருடைய கையைப் பிடித்தாள்.

"சிறிபால மாத்தயா இருக்காரு," என்றார் கிளறன்ஸ்.

சிறிபால ஐயாவை ஊரே சிங்களத்தில் மாத்தயா என்றுதான் கூப்பிடும்; இளைப்பாறிய சிக்னல்காரர். வயது எண்பது. ரயில் கேட்டடிக் குவாட்டர்சில் தனியாக இருந்தார். முதலில் கூப்பிட்டபோது, 'பிள்ளை பெத்தவளைக் கொண்டுபோ, நான் கடைசி' என்று சொல்லியிருந்தாராம்.

கிளறன்ஸ் காலி ட்ரொலியோடு இறக்கத்தில் போனார். வளைவைத் தாண்டி மறைந்து ஐந்து நிமிடம் இருக்கும். நூறு லொறிகள் ஒரே நேரத்தில் கல் கொட்டியது போலச் சத்தம் வந்தது. நிற்காமல் வந்தது. நின்றபோது மழைச் சத்தம்கூடக் கேட்காத மாதிரி இருந்தது. பச்சை மண் வாசனை கோயில் வரைக்கும் அடித்தது.

அரை மணித்தியாலம் கழித்துக் கிளறன்ஸ் ட்ரொலி இல்லாமல் தனியாக நடந்து வந்தார். நெஞ்சு வரை சேறு. காலில் சப்பாத்து இல்லை. கோயில் படியில் உட்கார்ந்தார். ஐரின் சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துடைத்தாள். யாரோ தேநீர் கொடுத்தார்கள். அது அவர் கையிலேயே ஆறியது.

மலை இருபத்தெட்டு வீடுகளை எடுத்துக்கொண்டது. கடைகளை ஆறு எடுத்தது. கரைக்கட்டு கரைந்து போய், தண்டவாளங்கள் துணி காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கின. உயிர் என்று பார்த்தால், போனது சிறிபால ஒருவர்தான். அதிகாரிகள் வந்து அளந்து, இனி அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது என்று சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். மில்லவளை அத்தோடு முடிந்தது. சனங்கள் கம்பளையில் ஒரு பாடசாலையில் ஆறு வாரம் இருந்து, பிறகு சொந்தபந்தம் இருந்த பக்கம் பிரிந்து போனார்கள். பாலாம்பிகைக்கும் கணவருக்கும் சுதேஷ் கம்பளையிலேயே ஒரு சின்ன வீடு பிடித்துக் கொடுத்தான்.

முகாமில் இருந்தபோது பாலாம்பிகை கிளறன்ஸிடம் நன்றி சொல்ல எத்தனையோ தரம் பார்த்தாள். அவளைக் கண்டால் அவர் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய்விடுவார். ஒருநாள் வழியை மறித்தே நின்றாள். "அதெல்லாம் வேணாங்க அக்கா," என்று சொல்லிவிட்டு விலகிப் போனார். சண்டையை இன்னும் மனதில் வைத்திருக்கிறாரோ என்றுதான் அவள் நினைத்தாள்.

பெப்ரவரியில் கம்பளைச் சந்தையில் ஐரினைக் கண்டாள். ஐரின் மெலிந்திருந்தாள்.

"அவரு சரியா சாப்பிடுறதே இல்ல அக்கா. இப்ப ரயில்வே கந்தோர்லருந்து கடிதம் வந்திருக்கு. ட்ரொலி எப்படிக் காணாமப் போச்சுன்னு வாக்குமூலம் குடுக்கணுமாம். பூட்டை உடைச்சது, அனுமதி இல்லாம மூடின பாதையில ஓட்டினது, எல்லாம் கேப்பாங்க. என்ன தண்டனை குடுத்தாலும் எனக்கு அது சரிதான்னு சொல்றாரு."

"ஏன் அப்படிச் சொல்றாரு?"

"மாத்தயாவை விட்டுட்டேன், விட்டுட்டேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

பாலாம்பிகைக்கு அப்போதுதான் விளங்கியது. மரக்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"எப்ப போகணும்?"

"புதன்கிழமை பத்து மணிக்கு. நாவலப்பிட்டியில."

புதன்கிழமை கிளறன்ஸ் கந்தோர் வாசலுக்கு வந்தபோது, அங்கே ஓர் ஆட்டோ நின்றது. அதில் பெரியதம்பி உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி. பக்கத்தில் பாலாம்பிகை. அலவத்துகொடையில் தாய்வீட்டில் இருந்த உம்மு குல்சும் கைத்தடியோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். துஷானி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எல்லாம் எதுக்கு?" என்றார் கிளறன்ஸ்.

"உங்களோட இல்ல நானா, கந்தோர்க்காரரோட பேச வந்தோம்," என்றாள், அவரை அண்ணனாக 'நானா' என்று அழைக்கும் உம்மு குல்சும். "நீங்க பேசாம ஈக்கோணும்."

உள்ளே இருந்த ரயில் பாதைப் பரிசோதகர் சிங்களவர். வடக்குப் பாதையில் பத்து வருடம் வேலை செய்தவராதலால் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினார். ஆட்டோவிலிருந்து ஒருவரைத் தூக்கி வருவதைக் கண்டு தானே எழுந்து கதிரையை நகர்த்தினார்.

"இருங்கோ, எல்லாரும் இருங்கோ." பிறகு படிவத்தை எடுத்தார். "கிளறன்ஸ், நீர் எழுதித் தந்ததைப் பார்த்தன். ட்ரொலியில என்ன ஏத்திக்கொண்டு போனீர் எண்டு கேட்ட இடத்தில 'காலி' எண்டு போட்டிருக்கிறீர்."

"மண் விழுந்தப்ப காலியாத்தான் இருந்திச்சு சேர்."

"நாலாவது தரந்தான் காலி," என்றாள் பாலாம்பிகை. கந்தோரில் தன் குரல் இவ்வளவு உரத்துக் கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அதுக்கு முன்ன மூணு தரம் காலியா வரலைங்க ஐயா. முதல்ல இவரு. நானும் சேர்ந்து தள்ளினேன். நாலு வருசமா நாங்க இவரோட பேசல. எங்க குசினியை இவருதான் இடிக்க வச்சாரு. அந்த வீட்டுக்குத்தான் இவரு முதல்ல வந்தாரு. வேற யாரும் வரலைங்க."

உம்மு குல்சும் தன் காலைக் காட்டினாள். துஷானி எழுந்து, பிள்ளையை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பரிசோதகருக்குக் காட்டினாள். அது அவருடைய பேனையைப் பிடித்து இழுத்தது.

பரிசோதகர் சிரித்தார். பேனையை விடுவித்துக்கொண்டு 'காலி' என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினார். "பெயரைச் சொல்லுங்கோ," என்றார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார். பிள்ளைக்கு அன்றைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை என்றபோது, 'பத்து நாள் ஆண் குழந்தை' என்று எழுதினார்.

"இது வழக்கமான விசாரணைதான். சாமான் துலைஞ்சால் கேக்கத்தான் வேணும். ஆனா ஒண்டு சொல்லுறன். ஒரு ட்ரொலியை வேற எப்பிடித் துலைச்சிருந்தாலும் நான் கோவிச்சிருப்பன்."

பெரியதம்பி மேசையில் இடது கையால் தட்டினார். "நா... நானும்... கையெழுத்து." பாலாம்பிகை படிவத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் கோணல்மாணலாகப் போட்டு முடிக்க வெகு நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் கிளறன்ஸ் வாசல் மதிலில் சாய்ந்து நின்றார். அவர் முகம் கலங்கியிருந்தது.

"போன கிழமை மாத்தயாவோட மகள் குருநாகலில இருந்து வந்திச்சு அக்கா. அன்னைக்குக் காலையில அப்பாவோட ஃபோன்ல பேசிச்சாம். 'கிளறன்ஸ் ட்ரொலி கொண்டுவர்றான், நான் சப்பாத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்'னு சொன்னாராம். பயமே இல்லாம சிரிச்சுப் பேசினாராம். அதுக்காக எனக்கு நன்றி சொல்லிட்டுப் போச்சு."

பாலாம்பிகைக்குச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. "நாங்க இருக்கோம் தம்பி," என்றாள். "உங்களால இருக்கோம். அதை நீங்க மறுக்கக் கூடாது."

கிளறன்ஸ் தலையை ஆட்டினார். இந்தத் தடவை விலகிப் போகவில்லை.

ஆட்டோவுக்குள்ளிருந்து பெரியதம்பி ஏதோ சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. பாலாம்பிகை குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்றாரு. ஐரினையும் கூட்டிக்கிட்டு. பூசை முடிஞ்சதும் நேரா வந்துடுங்க."

அந்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். பாலாம்பிகை கருவாட்டுக் குழம்பும் பலாக்காய்க் கறியும் வைத்திருந்தாள். கிளறன்ஸ் முதலில் கொஞ்சமாகத்தான் போட்டுக்கொண்டார். பெரியதம்பி எதிர்க்கதிரையில் உட்கார்ந்து அவருடைய பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு முடியப்போகும் நேரம் இடது கையை நீட்டி அகப்பையைக் காட்டினார். பாலாம்பிகை இன்னும் போட்டாள். கிளறன்ஸ் வேண்டாமென்று சொல்லவில்லை.