கண்ணில்லாத பொம்மை

வேறொரு உலகத்தில் உயிர் இருக்கிறது என்று தெரிந்த அன்று எங்கள் பொம்மைக் கம்பெனியில் மெஷின்களைப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் நிறுத்தியிருக்கிறார்கள், ஒருத்தியின் விரலில் ஊசி இறங்கியபோது. அன்றுகூட அவள் மெஷின் மட்டும்தான் நின்றது. சூப்பர்வைசர் அக்கா சுவரில் இருந்த டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஏதோ ஒரு தூரத்து நிலாவில், பனிக்கட்டிக்கு அடியில் கறுத்துக் கிடந்த தண்ணீரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று மெதுவாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, முன்பக்கம் பின்பக்கம்கூடக் கிடையாது என்றார்கள். டிவியில் பேசிய நரைத்த தலைக்காரர் அழுதேவிட்டார். இனி மனிதன் பழைய மனிதனாக இருக்க முடியாது என்றார்.

"ஏன், நாளைக்கு லீவு விடப்போறாங்களா?" என்று கேட்டாள் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏய் பூச்சி, உன் சொந்தக்காரங்கதான்டி. வாயே இல்லியாம்!"

நான் யாரோடும் பேசமாட்டேன். வாயில்லாப்பூச்சி என்று வைத்தார்கள், அது தேய்ந்து பூச்சி ஆகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் காலால் என் காலைத் தொட்டு, "என்னடி காட்டுறாங்க? எப்படி இருக்கு?" என்று முணுமுணுத்தாள்.

அண்ணிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் இதே வயதில்தான் போனதாம், கல்யாணத்தின்போது அதை எங்கள் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். "தெரிஞ்சா உங்கண்ணன் ஒரு நாள்கூட வச்சுக்கமாட்டாரு. கொண்டுபோய் எங்கம்மா வீட்டுல விட்டுட்டு வந்துடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் சொன்னாள். அதனால் அவள் ஊசியில் நூல் கோர்ப்பது நான். நிறம் மாறாமல் துணி எடுத்துக் கொடுப்பது நான். எண்ணிக்கை எதுவும் சொல்ல வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில் அவள் காலில் தட்டுவேன். ஒன்றுக்கு ஒரு தட்டு, இரண்டுக்கு இரண்டு தட்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டு மூலையில் கிடந்த என்னைக் கெஞ்சிக் கூத்தாடிக் கம்பெனியில் சேர்த்துவிட்டது அண்ணிதான். எதற்காகச் சேர்த்தாள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாளே ஆர்டர் வந்தது. அந்த உயிரைப் பொம்மையாகச் செய்ய வேண்டும். சாம்பல் நிற வெல்வெட், உள்ளே பஞ்சு, ஓரம் முழுக்கக் கையால் போடுகிற சுருக்குத் தையல். முகமே இல்லாத பொம்மை. அண்ணிக்கு அதைப்போல ஒரு நல்ல காலம் வந்ததேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஓரத்தைத் தடவியபடியே தைப்பாள். சுருக்கங்கள் தண்ணீரில் அலைவது போலவே விழும். சூப்பர்வைசர் அக்கா அதைத் தூக்கிக் காட்டி, "தைச்சா இப்படித் தைக்கணும். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தவ மாதிரி தைக்கிறா பாருங்க" என்றார். அண்ணி நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஆள் சேர்ந்தது. ரேடியோவுக்குச் சமமாக வாயடிக்கவும் கற்றுக்கொண்டாள்.

"இதுக்குப்போய் ஏன்டி அவ்ளோ தூரம் தேடிப் போகணும்? வாயில்ல, சத்தமில்ல, இருக்கிற இடமே தெரியாது. எங்க வீட்டுல அப்படி ஒண்ணை நாங்க ரொம்ப நாளா வளக்குறோம்" என்றாள் ஒருநாள்.

ரேடியோவின் பேச்சுக்குச் சிரிப்பதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

ஒரு மாதத்தில் பொம்மைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. குழந்தைகள் பயப்படுகிறார்களாம். எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியவில்லையாம். இனிமேல் இரண்டு பெரிய கறுப்புக் கண் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார் அக்கா.

"அதுக்கு நிஜமாவே கண் இல்லியேக்கா" என்றாள் அண்ணி. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"அதை யாரு கேட்டா? கண்ணு இருந்தாதான் விக்குது. நீ கண்ணை ஒட்டு."

கண் ஒட்டும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்திருப்பார்கள். அண்ணியின் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் அதே சாம்பல் நூலால் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு நான் அவள் பக்கம் நகர்த்துவேன். அவள் விரல் முடிச்சைத் தேடிப்பிடித்து அதன்மேல் கண்ணை அழுத்தும். பத்து நாள் யாருக்கும் தெரியவில்லை.

பதினோராம் நாள் நான் முடிச்சுப் போடவில்லை. காலையில் உள்ளே நுழையும்போது ரேடியோ, "என்ன, உங்க வீட்டுப் பிராணியையும் கூட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். அண்ணி சிரித்தாள். அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று பிறகு எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். அண்ணியின் விரல்கள் வெல்வெட்டின்மேல் போய்ப் போய் வந்தன. அவள் கால் என் காலை இரண்டு தடவை தட்டியது. அக்கா பின்னாலேயே நின்றிருந்ததால் அவளால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தடவினாள். பிறகு குத்துமதிப்பாக ஒட்டத் தொடங்கினாள். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

மதியத்துக்குள் கூடை முழுவதும் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. ஒன்றில் ஒரு கண் உச்சியிலும் இன்னொன்று அடியிலும் இருந்தது. ஒன்றில் இரண்டு கண்ணும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. அக்கா கூடையை எங்கள் மேஜைமேல் கவிழ்த்தார்.

"இது உங்க ரெண்டு பேரு மேஜை. யாரு ஒட்டுனது?"

நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதது அங்கே யாருக்கும் புதிதில்லை.

"பூச்சியாதான் இருக்கும். தூங்கி விழுந்திருப்பா" என்றாள் ரேடியோ.

"அப்ப நாளையிலருந்து நீ வரவேணாம்" என்றார் அக்கா என்னிடம்.

"இல்லக்கா, அவ சின்னப் பொண்ணு, அவ மேல தப்பில்ல" என்று அண்ணி எழுந்தாள். அவள் அக்காவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தூணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கவனித்துவிட்டார். அவளை உட்காரச் சொல்லி, எதிரில் வந்து நின்று, கையைத் தூக்கினார்.

"இங்க பாரு. இது எத்தனை விரல்?"

ஒரு விரல். மேஜைக்கு அடியில் அண்ணியின் கால் வந்து என் கால்மேல் மெல்ல உட்கார்ந்தது. ஒரு தட்டு போதும். தட்டினால் அண்ணிக்குக் கண் தெரியும் என்று ஆகிவிடும். அவளுக்குக் கண் தெரியுமென்றால் அந்தக் கூடை முழுக்க என் தப்பு. நான் காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரையைத் தடவித் தேடியது. பிறகு நின்றுவிட்டது.

"மூணு" என்றாள் அண்ணி, துளிச் சந்தேகம் இல்லாத குரலில், புன்னகையோடு.

முதலில் சிரித்தது ரேடியோ.

சூப்பர்வைசர் அக்கா கெட்டவர் இல்லை. அண்ணனுக்கு அவரே போன் செய்து பக்குவமாகத்தான் சொன்னார். திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். "கண்ணில்லாதது எவ்வளவோ கிடக்கு, யாரும் வாங்கப்போறதில்ல. ஞாபகமா நீயே ஒண்ணு வச்சுக்கோ."

மறுநாள் காலையில் அண்ணன் அண்ணியின் துணிப்பெட்டியை வாசலில் எடுத்து வைத்தான். அவள் பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்து என் எதிரில் நின்றாள். இனி மறைக்க எதுவும் இல்லை என்பதால் கையை நீட்டியே நடந்தாள்.

"நேத்து நூல் தீந்துபோச்சாடி?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"அதான் பாத்தேன்" என்று தலையை ஆட்டினாள். அண்ணன் தெருவிலிருந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கத்தினான்.

இப்போது அண்ணியின் நாற்காலியில் ஒரு புதுப்பெண் உட்கார்கிறாள். நல்ல கண். ஒரு மணி நேரத்தில் ஒரு கூடையை முடித்துவிடுகிறாள். நேற்று டிவியில் அந்த நரைத்த தலைக்காரர் மறுபடியும் வந்தார். அந்த உயிர்கள் இருட்டுக்குள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுத்தான் பேசிக்கொள்கின்றனவாம். ஒன்று தட்டினால் மற்றது திரும்பத் தட்டுகிறதாம். யாரும் மெஷினை நிறுத்தவில்லை. சத்தத்தில் பாதி கேட்கவுமில்லை. என் கால் எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. புதுப்பெண், "ஐய, என்னது?" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். மேஜைக்கு அடியில் வைத்திருந்த பொம்மைக் கண் பை சாய்ந்து, கறுப்புக் கண்கள் தரையெங்கும் உருண்டு ஓடின. நான் குனிந்து மேஜைக்கு அடியில் புகுந்தேன். பாதிக்கு மேல் என்னைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தன.